சுங்கை சிப்புட்டில் ஓர் எம்ஜிபி

எம்ஜிபி என்னும் பிரிட்டிஷ் இரண்டு இருக்கைத் திறந்த காரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகிலிருந்துதான் தொடங்குவார்கள். தாழ்ந்த பானட், சற்றே உள்வாங்கிய முகவிளக்குகள், முன்பக்கத்திலிருந்து வால்விளக்குவரை தடைபடாமல் ஓடும் ஒற்றைக் கோடு என்று அவர்கள் சொல்வதில் மிகை ஏதும் இல்லை. ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், ரப்பரும் இப்போது செம்பனையும் சூழ்ந்த ஒரு தோட்டப்புற ஊரில், அறுபது ஆண்டுகளாக ஓடிவரும் எம்ஜிபி ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில், எனக்கு அதன் அழகைக் காட்டிலும் அதன் எளிமைதான் பெரிதாகத் தெரிகிறது. தகட்டுக்கு அடியில் இருப்பதில் பெரும்பகுதி அந்தக் காலத்துக் குடும்பக் கார்களுக்காகச் செய்யப்பட்ட பாகங்களே. தோட்டத்து லோரியையும் டாக்சியையும் பழுதுபார்த்துப் பழகிய ஒருவர் இந்தக் காரின் முன்னால் திகைத்து நிற்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிய பின்பும் இது நம் ஊரில் நிலைத்ததற்கு அந்த எளிமையே காரணம் என்பதை விளக்கத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில் இன்ஜினைச் சொல்லிவிடுகிறேன். எம்ஜியின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் நடுத்தரக் கார்கள் அனைத்துக்கும் பொதுவாக உருவாக்கிய பி-சீரிஸ் என்ற வார்ப்பிரும்பு இன்ஜின்தான் எம்ஜிபியிலும் இருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஆகிய குடும்பக் கார்களை இழுத்ததும் இதே குடும்பத்து இன்ஜின்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த இந்திய அம்பாசிடரில் 1489 சிசி அளவில் பல்லாண்டுகள் ஓடியதும் இதுதான். எம்ஜிபிக்காக அதை 1798 சிசியாகப் பெரிதாக்கி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களைப் பொருத்தி, 95 குதிரைத்திறன் வரும்படி செய்தார்கள். திருச்சியிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா மகன் இளமையில் அம்பாசிடர் வாடகைக் கார் ஓட்டியவர். நான் பானட்டைத் திறந்து காட்டியதும் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இது நம்ம வண்டி இன்ஜின் மாதிரியே இருக்கே!" என்றார். அவர் சொன்னது சரிதான். அதே குடும்பத்து இன்ஜினோடுதான் 1965ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க்கும் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஓர் எம்ஜிபியை மொத்தத்தில் பதினோராவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். விலையுயர்ந்த இத்தாலியக் கார்கள் பல பாதியிலேயே நின்றுபோகும் அந்தப் பந்தயத்தில், குடும்பக் காரின் இன்ஜின் ஒன்று இரவு பகலாக ஓடி முடித்தது எனக்கு இன்றும் மதிப்புக்குரிய செய்தியாகவே இருக்கிறது.

எம்ஜி என்ற பெயரின் கதையும் இந்த எளிமையோடுதான் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய மோரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தின் மேலாளர் செசில் கிம்பர், 1920களில், சாதாரண மோரிஸ் கார்களின் அடிச்சட்டத்தின் மீது இலகுவான அழகிய உடலைக் கட்டி விற்கத் தொடங்கினார். 1929இல் தொழில் அபிங்டன் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எம்ஜி என்றால் அபிங்டன்தான். போர் முடிந்ததும் 1945இல் வெளிவந்த டிசி என்ற சிறிய திறந்த கார் அமெரிக்கப் படைவீரர்களின் மனத்தைக் கவர்ந்தது. 1955இல் எம்ஜிபிக்கு முன்னோடியான எம்ஜிஏ வந்தது. கிம்பர் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. போர்க்காலத்தில் பணியிலிருந்து விலக்கப்பட்ட அவர், 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு அருகே நடந்த ரயில் விபத்தில் இறந்துபோனார். ஒரு பெயரை உருவாக்கியவர் அதன் சிறந்த நாட்களைக் காணாமலே போனதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

1962 செப்டம்பரில் எம்ஜிபி வெளிவந்தது. சிட் எனவர் தலைமையில் அபிங்டனில் உருவான இந்தக் காரில், தனியான அடிச்சட்டம் இல்லாமல் உடலே சட்டமாகும் கட்டமைப்பு இருந்தது. அதனால் எம்ஜிஏவைவிட நீளம் குறைந்திருந்தும் உள்ளே இடம் கூடியது. கதவுக்குக் கண்ணாடி ஏற்றி இறக்கும் வசதியும், மனிதர் நிம்மதியாகக் கால்நீட்டி உட்காரும் வசதியும் கிடைத்தன. அந்தக் கட்டமைப்பே நம் தட்பவெப்பத்தில் அதன் பெரிய பலவீனமும் ஆனது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தக் கார் நம் ஊருக்கு வந்த காலத்தை யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் துரைமார் இரும்புத் தகடு பொருத்திய கார்களில், துப்பாக்கியுடன் காவலரை அருகில் வைத்துக்கொண்டுதான் பால்காட்டுச் சடக்குகளில், அதாவது ரப்பர் மரங்களுக்கிடையே ஓடும் சாலைகளில், போய்வந்தார்கள். கூரை இல்லாத கார் ஒன்றைத் தோட்டத்துக்குள் ஓட்டுவதை அந்நாளில் யாரும் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. 1960 ஜூலை இறுதியில் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் எம்ஜிபி வந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சின்ன துரையின், அதாவது தோட்ட உதவி நிர்வாகியின், வெள்ளைக் காரைப் பற்றிப் பேசும்போது அதன் வேகத்தையோ விலையையோ முதலில் சொல்வதில்லை. தலையில் தொப்பியோடு, துணிக்கூரையை மடித்துவிட்டு, காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு எதிரே அவர் காரை நிறுத்திவிட்டு இறங்கியதைத்தான் சொல்வார்கள். திறந்த கார் என்பது இந்த ஊருக்கு அச்சம் நீங்கியதன் அடையாளமாக வந்தது என்று நான் நம்புகிறேன்.

என் காரின் சரித்திரத்தை இரண்டு ஆவணங்கள் சொல்கின்றன. ஒன்று, இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தரும் சான்றிதழ். அபிங்டன் தொழிற்சாலையின் பதிவேடுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. சேஸிஸ் நம்பர் எனப்படும் அடிச்சட்ட எண்ணை எழுதி, கட்டணம் செலுத்தினால், கார் எப்போது கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த எண்ணுள்ள இன்ஜின் பொருத்தப்பட்டது என்பவற்றை எழுதி அனுப்புவார்கள். என்னுடையது 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஓல்ட் இங்கிலிஷ் வொயிட் எனப்படும் இளமஞ்சள் கலந்த வெள்ளை, சிவப்பு இருக்கைகள், வலப்பக்க ஸ்டியரிங். இரண்டாவது ஆவணம் பழைய பதிவுப் புத்தகம். நைந்துபோன அந்தப் புத்தகத்தில் உரிமையாளர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, வேறுவேறு மையில், வேறுவேறு குமாஸ்தாக்களின் கையெழுத்தில் இருக்கின்றன.

முதல் பெயர் ஸ்காட்லாந்துக்காரரான ஒரு சின்ன துரையுடையது. அவர் நெடுநாள் இங்கே இருக்கவில்லை. பிரிட்டிஷ் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுக்கொண்டும் துண்டாடிக்கொண்டும் இருந்த காலம் அது. எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியதும் அந்தத் துண்டாடலைக் கண்டுதான். அப்படிப்பட்ட சூழலில் தன் நாட்டுக்குத் திரும்பிய சின்ன துரை, காரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசரிடம், அதாவது மருத்துவ உதவியாளரிடம், விற்றுவிட்டுப் போனார். ஒரு தமிழர், தோட்டத்துச் சிப்பந்தி, துரையின் காரை வாங்கி அதே சடக்கில் ஓட்டினார் என்பது அந்நாளில் சிறிய செய்தியாக இருந்திருக்காது. கிராணிமார் எனப்படும் தோட்டக் குமாஸ்தாக்கள் சிலர் முகம் சுளித்ததாக என் மாமா சொல்வார்.

அந்த டிரெசர் ஐயாவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே சொல்வேன், ஏனென்றால் அவர் எழுதிய நோட்டுப் புத்தகம் காரோடு சேர்ந்து கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவேடு போலவே கட்டம் போட்டு, தேதி, மைல், பெட்ரோல், எண்ணெய் என்று தமிழில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருக்கிறார். எண்ணெய் பட்டு ஓரங்கள் பழுப்பேறியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. "கிரீஸ்: வலம் 3, இடம் 3" என்ற வரி ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. எம்ஜிபியின் முன்சக்கரங்கள் திரும்புவது கிங்பின் என்ற எஃகுத் தண்டில். ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள்களில் கிரீஸ் ஏற்ற வேண்டும். 3000 மைலுக்கு ஒருமுறையாவது அதைச் செய்யாவிட்டால் தண்டு தேய்ந்து ஸ்டியரிங் கனத்துவிடும். இந்த நாட்டில் நான் பார்த்த எம்ஜிபிகளில் கிங்பின் இறுகிப்போனவையே அதிகம். என்னுடையது வெகுகாலம் முதலில் வந்த கிங்பின்னிலேயே ஓடியது என்றால், அதற்கு அந்த "வலம் 3, இடம் 3" தான் காரணம்.

மூன்றாவது உரிமையாளர் வெள்ளீயத் தொழிலில் இருந்த, தவுக்கே எனப்படும் ஒரு சீன முதலாளியின் மகன். ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே வேகமாகப் போய்வரவே அவர் காரை வாங்கினார் என்று கேள்வி. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. அவருடைய குடும்பமும் அதில் அடிபட்டது. பழுதுபார்த்த கூலி பாக்கிக்காகக் கார் என் தாய்மாமனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் மனக்கசப்பில்லாமல் முடித்துக்கொண்ட ஏற்பாடு அது. மாமா இருக்கும்வரை தவுக்கேயின் மகன் ஆண்டுதோறும் சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்து, காரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போவார்.

ரப்பர், வெள்ளீயம் ஆகிய இரண்டின் ஏற்றமும் இறக்கமும் ஒரு காரின் பதிவுப் புத்தகத்தில் இப்படி வரிசையாக நிற்பதை வேறு எங்கும் பார்க்க முடியாது என்றே நினைக்கிறேன்.

என் மாமா தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ரப்பர் உருளை இயந்திரங்களிலும் டீசல் இன்ஜின்களிலும் கைபழகி, பின்னர் டவுனில் சிறு பட்டறை வைத்தார். இரண்டு கார்புரேட்டர்களைச் சமன்செய்வதை அவரிடம்தான் கற்றேன். காற்று வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுநுனியை முதல் கார்புரேட்டரின் வாயருகே பிடிக்க வேண்டும். காற்று உள்ளே போகும் சீறல் கேட்கும். பிறகு அதே தூரத்தில், அதே கோணத்தில் இரண்டாவதன் வாயருகே பிடித்து, இரண்டு சீறலும் ஒன்றாகும்வரை திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அது முடிந்ததும் எரிபொருள் அளவு. எஸ்யூ கார்புரேட்டருக்குள் ஒரு பிஸ்டன் காற்றின் ஓட்டத்துக்கேற்ப மேலும் கீழும் நகர, அதோடு இணைந்த கூம்பு ஊசி ஒன்று பெட்ரோல் வரும் துளையைத் திறந்து மூடுகிறது. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சிறிய தூக்குமுளையால் அந்தப் பிஸ்டனை மயிரிழை அளவு தூக்கினால், இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி இறங்கினால் குறைவு. ஒரு கணம் மட்டும் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கருவி எதுவும் தேவையில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அவசரப்படாதே தம்பி, இஞ்சின் உனக்குப் பதில் சொல்ல நேரம் குடு," என்பார். இன்றைய கார்களில் கணினியை இணைத்துப் பார்த்துச் செய்யும் வேலையை ஒரு ரப்பர்க் குழாயைக் கொண்டு செய்துமுடிப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இனி, முன்னே சொல்லி நிறுத்திய பலவீனத்துக்கு வருகிறேன். எம்ஜிபிக்கு நிலையான இரும்புக் கூரை இல்லை. ஆகவே முன்னையும் பின்னையும் பிணைத்து நிற்பது கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும், சில் எனப்படும் பெட்டி வடிவத் தகடுகள்தாம். வெளித்தகடு, உள்தகடு, நடுவே ஒரு தகடு என மூன்று அடுக்கு. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு வளைவுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் தங்கி, அங்கிருந்து ஈரம் இந்தப் பெட்டிக்குள் இறங்குகிறது. இங்கிலாந்தில் குளிர்காலச் சாலை உப்பு செய்யும் வேலையை இங்கே ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் வெக்கையும் செய்கின்றன. வெளியே வண்ணம் பளபளவென்று இருக்க, உள்ளே தகடு சல்லடையாகிப்போயிருக்கும்.

மாமாவும் நானும் இடப்பக்கச் சில்லை வெட்டித் திறந்தபோது உள்ளேயிருந்து செம்மண் கொட்டியது. டவுனில் அப்படிப்பட்ட மண் கிடையாது. சின்ன துரையும் டிரெசர் ஐயாவும் ஓட்டிய பால்காட்டுச் சடக்கின் மண் அது, கட்டிகட்டியாக, இரும்புத் துருவோடு சேர்ந்து இறுகியிருந்தது. மாமா ஒரு கட்டியை விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் இருக்கு பாரு," என்றார். வெட்டுவதற்கு முன்னால் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடலை நிலைநிறுத்தியிருந்தோம். அந்த முட்டு இல்லாமல் சில்லை வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு புதுத் தகட்டை எவ்வளவு அழகாகப் பற்றவைத்தாலும் கதவு மூடாது. வாங்கப்போகும் எம்ஜிபியின் கதவு இடுக்கு மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், யாரோ முட்டுக் கொடுக்காமல் வெட்டியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். வண்ணத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மின்சாரத்தைப் பற்றிப் பலரும் குறைசொல்வார்கள். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேரெதிர். அதை அறியாமல் புது ரேடியோவைப் பொருத்துகிறவர்கள் ரேடியோவை எரித்துவிட்டுக் காரைப் பழிக்கிறார்கள். இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில், ஆறு வோல்ட் பாட்டரிகள் இரண்டு ஒளிந்திருக்கும்; கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் தண்ணீர் ஊற்ற மறந்துபோகிறார்கள், பழி மீண்டும் காருக்கே. பின்பக்கம் இருக்கும் மின்சாரப் பெட்ரோல் பம்பு டிக்டிக்கென்று ஒலிக்கும். சாவியைத் திருப்பியதும் அந்த ஒலி வேகமாகத் தொடங்கி, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எங்கோ கசிவு. ஒலியே வராவிட்டால் அதன் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன என்று பொருள். மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்ளும் என்றாலும், அது பட்டறைவரை போய்ச் சேர உதவுமே தவிர மருந்தாகாது.

வெப்பத்தைப் பொறுத்தவரை இந்தக் கார் பெயரெடுத்த அளவுக்கு மோசமில்லை. ரேடியேட்டர் சுத்தமாக இருந்து, வெப்ப நாடுகளுக்கென்று இருந்த 74 பாகை செல்சியஸ் தெர்மோஸ்டாட்டும் ஆயில் கூலரும் சரியாக வேலைசெய்தால், நண்பகலில் ஈப்போ நெரிசலிலும் முள் எல்லையைத் தாண்டுவதில்லை. நிறுத்திய பிறகுதான் தொல்லை: கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் குழாய் இருப்பதால், அணைத்த இன்ஜினின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, மீண்டும் கிளப்பும்போது இருமும். பானட்டைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் போதும். ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோன பின் எக்ஸாஸ்ட் வால்வுகளின் இருக்கைகளைக் கடின எஃகில் மாற்றிக்கொண்டோம். அன்று முதல் ஆக்டேன் 97 பெட்ரோல்தான் போடுகிறேன்.

உரிமை மாற்றத்தின்போது, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவுக்கு முன் பரிசோதனை நிலையத்தில் இன்ஜின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பி-சீரிஸ் இன்ஜினில் அந்த எண், பிளாக்கின் பக்கவாட்டில் ஆணியடித்த ஒரு சிறு தகட்டில் இருக்கும். 1964 அக்டோபரில் அறிமுகமான, ஐந்து பேரிங் தாங்கும் கிராங்க் கொண்ட முதல் வகை இன்ஜின்களின் தகட்டில் 18ஜிபி என்று தொடங்கும். முந்தைய மூன்று பேரிங் இன்ஜின்களைவிட அவை உறுதியானவை. இன்ஜினைக் கழுவி வண்ணம் பூசும்போது பல பட்டறைகளில் இந்தத் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அதன்பிறகு கிராண்ட் எனப்படும் வாகன உரிமைச் சான்றில் உள்ள எண்ணுக்கு ஆதாரமே இல்லாமல் போகிறது; நல்ல கார் ஒன்று பெயர் மாற்ற முடியாமல் கொட்டகையில் கிடந்து மக்குவதை இந்த வட்டாரத்திலேயே கண்டிருக்கிறேன். என் மாமா அந்தத் தகட்டின் மேல் கிரீஸ் தடவி, அதன்மேல் துணி கட்டிய பிறகே வண்ணம் அடிக்க விட்டார். அடிச்சட்ட எண்ணில் ஜிஎச்என்3 என்று தொடங்குவது முதல் வகைத் திறந்த கார். 1967க்குப் பின் 4, அதற்குப் பின் 5.

பின்னால் வந்த கதை அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. 1968இல் எல்லாம் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருநிறுவனத்துக்குள் போனபின், எம்ஜிபியை மேம்படுத்தப் பணம் ஒதுக்குவார் இல்லை. 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கருப்புப் பம்பரை வைத்து, காரின் உயரத்தையும் சற்றுக் கூட்டினார்கள். வளைவுகளில் அதன் நிதானம் குலைந்தது. 1979 செப்டம்பரில் அபிங்டன் தன் பொன்விழாவைக் கொண்டாடிய மறுநாளே ஆலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. 1980 அக்டோபரில் அது மூடப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகளைக் கட்டிய ஊரை அப்படி நடத்தியிருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி காலையில், லண்டன் பங்குச் சந்தையில் சில மணிநேரத்தில் மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நாசியோனல், பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பெரும்பங்கை வாங்கி, அதன் தோட்டங்களை மலேசியர் கைக்குக் கொண்டுவந்தது. தோட்டமும் காரும் ஒரே தலைமுறையில் தம் பழைய எஜமானர்களை இழந்தன.

எம்ஜி என்ற பெயர் அதன்பின் ரோவர், பிஎம்டபிள்யூ, மீண்டும் ரோவர் என்று கைமாறி, 2005இல் நிறுவனம் நொடித்தபின் சீனாவின் நான்ஜிங்குக்கும், அங்கிருந்து எஸ்ஏஐசி நிறுவனத்துக்கும் போனது. 2024இல் அந்தப் பெயரில் மின்சாரக் கார்கள் மலேசியாவிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அவை நல்ல கார்களாக இருக்கலாம். பெயரை வாங்கியவர்களுக்கு அதை வைத்துக்கொள்ள முழு உரிமை உண்டு. ஆனால் அபிங்டனின் உண்மையான வாரிசு என்று நான் கருதுவது, பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து 1988 முதல் எம்ஜிபியின் முழு உடல்கூட்டையே மீண்டும் செய்து தந்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜைத்தான். எம்ஜிபிக்கு இன்றும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பல கார்களுக்கு அந்தப் பேறு இல்லை.

மாமா காலமான பின் கார் என் பெயருக்கு வந்தது. நெடுஞ்சாலையில் அதை அதிகம் கொண்டுபோவதில்லை. சிறப்பாகப் பொருந்துவது கோலகங்சார் போகும் பழைய சாலைதான். முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் சின்க்ரோ கிடையாது என்பதால், கார் முழுதாக நின்ற பிறகே அதைப் போட வேண்டும். அந்தச் சாலையின் நிதானத்துக்கு அது தடையாக இருப்பதில்லை. மழை வரும் நேரம் தெரிந்துதான் கிளம்புவேன் என்றாலும், கூரையைத் திறந்து ஓட்டுவதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் போர்வை போர்த்தி வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை: ஓடாத எம்ஜிபியின் பிரேக் உருளைகள் இறுகுகின்றன, பெட்ரோல் கெட்டுப்போகிறது, சில்லுக்குள் ஈரம் காயாமல் நிற்கிறது. நனைந்தால் மறுநாள் வெயிலில் கதவுகளைத் திறந்துவைத்து, சில்லின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிட்டால் போதும்.

இப்போது வலப்பக்கக் கிங்பின்னில் லேசான ஆட்டம் தொடங்கியிருக்கிறது. புதியது வந்துசேர்ந்துவிட்டது, புஷ்ஷை அளவுக்குச் சீவிப் பொருத்தத் தெரிந்த ஒருவர் செமோரில் இருக்கிறார், மாமாவிடம் தொழில் பழகியவர். அடுத்த மாதம் காரை அவரிடம் விடுகிறேன். டிரெசர் ஐயாவின் நோட்டில் எழுதாத பக்கங்கள் இன்னும் இருப்பதால், அந்த வேலையையும் அதே கட்டத்தில், அதே வரிசையில் எழுதி வைப்பேன்.